முப்பத்தெட்டாவது ஆட்சேபனை

ஆண்டிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, இஞ்சின் உத்திராபதி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். அது நான்தான். படிப்பு மூன்றாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதி வேண்டாம் என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். என் அப்பன் அடுத்தவர் பண்ணையில் மாடு ஓட்டினார். நான் கிணறு வெட்டும் கூலியாக ஆரம்பித்து, எழுபது அடி ஆழத்தில் பாறை உடைத்து, கடைசியில் ஐந்து ஆயில் இஞ்சின், ஒரு முந்திரித் தோப்பு, ஒரு அரவை மில் என்று வந்து நின்றேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஓட்டை உடைசலாக ஏலத்தில் எடுத்த இஞ்சினை நானே பிரித்து, நானே பூட்டி, 1972 பொங்கலன்று ஊர் நடுவில் ஓட்டிக் காட்டினேன் என்று சொல்வார்கள். பட்டப்பேர் அன்றைக்கு வந்ததுதான். இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம், போகப் போக இந்தக் கதையில் எனக்கு ஒரு சறுக்கல் வருகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து சறுக்கினேன் என்பது தெரிந்தால்தான் சறுக்கலுக்கு மரியாதை.

கதை என்னுடையது அல்ல. சான் மவுங் என்ற பர்மாக்காரருடையது.

வேம்பு எங்கள் பங்காளி வீட்டுப் பெண், எனக்குத் தங்கச்சி முறை. அவள் அப்பா பிழைக்கப் போன ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். பர்மாவில் நம் ஆட்களை மூட்டை கட்டச் சொன்னபோது, 1965-இல் கப்பலேறி மெட்ராஸ் வந்து, அங்கிருந்து எங்கள் ஊர் வந்து சேர்ந்தாள். கையில் ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் ஒரு புருஷன். பெட்டியைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் கைலியை நம்மைப் போல இடுப்பில் சொருகாமல், தொப்புளுக்கு நேராக மூட்டை மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார். ஊர் ஒரு மாதம் அந்த முடிச்சைப் பற்றியே பேசியது. அவிழுமா, அவிழாதா என்று இரண்டு கட்சி. அவிழவே இல்லை.

அவருக்குத் தமிழில் அப்போது நாலு வார்த்தை தெரியும். அதில் மூன்று வேம்பு அவரைத் திட்டியதில் கற்றுக்கொண்டவை. ஆனால் ஐராவதி ஆற்றில் மோட்டார்ப் படகு ஓட்டிய மனுஷன். வந்த மூன்றாம் நாள், செல்லமுத்துவின் கிணற்று இஞ்சின் இருமிக்கொண்டு ஓடுவதைத் தூரத்திலிருந்தே கேட்டுவிட்டு, வரப்பு வழியே நடந்து போய் அதை நிறுத்தினார். யாரும் கூப்பிடவில்லை. பிரித்துப் போட்டார். பூட்டினார். இருமல் போய்விட்டது. அன்றிலிருந்து சுற்று வட்டாரத்தில் எந்த இஞ்சினுக்குச் சளி பிடித்தாலும் அவர்தான் வைத்தியர்.

வைத்தியர்தான், ஆனால் நோயாளி வீட்டார் கண்ணீர் விடாத நாள் கிடையாது. பிரித்த சாமானை எல்லாம் சாக்கு விரித்து வரிசையாக அடுக்குவார். அந்தச் சாக்கை ஒருத்தன் தாண்டிவிட்டால் போச்சு, எல்லாவற்றையும் மறுபடி டீசலில் கழுவி முதல் ஆணியிலிருந்து ஆரம்பிப்பார். கோழி தாண்டினாலும் இதே சட்டம். நாலு நாள் வேலை நாற்பது நாள் ஆகும். அதற்குள் பயிர் காயும், குடியானவன் கத்துவான், இவரும் பதிலுக்குக் கத்துவார். ஐந்தாறு வருஷத்தில் எங்கள் ஊர் வசவு எதுவும் அவருக்குப் பாக்கியில்லை. சண்டை முடிந்தால் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள். ஊர் என்றால் அதுதானே.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவர் வெளியாள். வருஷத்துக்கு ஒரு தரம் திருச்சிக்குப் போய், அந்நியர் என்று ஒரு புத்தகத்தில் முத்திரை வாங்கி வரவேண்டும். ஜாமீனில் இருப்பவன் கையெழுத்துப் போடுகிற மாதிரி. அப்பா இந்தியர் என்பதால் வேம்புவுக்கு அந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டுப் பெண் நம் ஆணைக் கட்டினால் சுலபமாகப் பதிந்துகொள்ளலாமாம். வெளிநாட்டு ஆண் நம் பெண்ணைக் கட்டினால் அந்தச் சலுகை கிடையாதாம். வீட்டோடு மாப்பிள்ளைக்கு ஊரிலும் மதிப்பில்லை, டெல்லியிலும் மதிப்பில்லை என்று அப்போதே சொன்னேன்.

1979-இல் திருச்சி ஆபீசில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். இனிமேல் இந்த முத்திரை ஒரு தரம்தான். அதற்குள் குடியுரிமை வாங்கு, இல்லாவிட்டால் கிளம்பு. எங்கே கிளம்புவது? ஊரை விட்டுப் போனவன் பேர் எங்கள் ஏட்டில் இல்லை என்று பர்மா எப்போதோ கைகழுவிவிட்டது.

சரி, மனுப் போடலாம் என்றால், இத்தனை வருஷம் இங்கேயே இருந்ததற்கு ருசு கேட்டார்கள். முத்திரைப் புத்தகத்தை மனுஷன் ஸ்பானர் பெட்டிக்குள் வைத்திருந்தார். டீசல் ஊறி, முத்திரையெல்லாம் கரைந்து, பக்கம் பக்கமாக மேகம் போட்டிருந்தது. திருச்சியில் இருந்த பழைய காகிதக் கட்டுகளோ 77 வெள்ளத்தில் கூழாகிவிட்டன. ஆகவே அரசாங்கக் கணக்கில் சான் மவுங் போன வருஷம் வானத்திலிருந்து விழுந்தவர்.

நான் சும்மா இருப்பேனா? கூடவே திருச்சிக்குப் போனேன். நல்லவர், யோக்கியர் என்று இந்தியக் குடிமகன் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அதன் பிறகு பேப்பரில் ஒரு விளம்பரம் போடச் சொன்னார்கள். போட்டோம். "சான் மவுங் ஆகிய நான் இந்தியக் குடியுரிமை கோரி விண்ணப்பித்துள்ளேன். எனக்கு அதை வழங்கக் கூடாது என்பதற்குக் காரணம் அறிந்தவர்கள் விவரங்களை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பலாம்" என்று அதில் இருந்தது.

இங்கேதான் எங்கள் ஊர் தன் புத்தியைக் காட்டியது.

எங்கள் பக்கத்து ஜனம் நோட்டீஸ் என்றால் என்ன என்று பட்டுத் தெரிந்துகொண்டது. பட்டா மாற நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஆட்சேபனை உள்ளவர் சொல்லலாம் என்று போட்டிருக்கும். நமக்கென்ன என்று சும்மா இருந்தவனெல்லாம் காணியை இழந்தான். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாடம் உண்டு: ஆட்சேபனை கேட்டால் உடனே போட்டுவிடு. என்ன நோட்டீஸ், யாருடையது என்பதெல்லாம் அப்புறம். டீக்கடையில் விளம்பரத்தை ஒருத்தர் வாசித்தார். அடுத்த வாரத்துக்குள் ஜெயங்கொண்டத்தில் மனு எழுதும் தங்கசாமிக்குக் கை வீங்கிவிட்டது. முப்பத்தேழு மனு.

ஒருத்தருக்கும் அந்த மனுஷனைத் துரத்தும் எண்ணம் இல்லை. அவருக்குக் குடியுரிமை கொடுப்பதற்கு முன்னால் அவரவர் விவகாரத்தைத் தீர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் கேட்டால் 'அப்போதே நீ சொல்லவில்லையே' என்று ஆகிவிடக் கூடாதில்லையா?

முப்பத்தேழில் முதல் மனு என்னுடையது. எதிலும் நான் முதல் ஆள். என் மூன்றாம் நம்பர் இஞ்சினை எட்டு மாதமாகப் பிரித்தே போட்டிருந்தார். அதை எழுதினேன். யோக்கியர் என்று எழுதியதும் உண்மை, எட்டு மாதம் என்று எழுதியதும் உண்மை. உண்மையை இரண்டு தாளில் எழுதக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

ஆனால் திருச்சியிலிருந்து கடிதம் வந்தது. ஊரே எதிர்ப்பதால் நேரில் விசாரிக்க அதிகாரி வருகிறார், அதன் பிறகு முடிவு என்று. அதை எடுத்துக்கொண்டு வேம்பு தெருவில் இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்தந்த வீட்டுக்கு என்று தனியாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டு, கடைசியில் என் வாசலுக்கு வந்தாள். மற்ற இடத்தில் கத்தியவள் இங்கே கத்தவில்லை.

"நல்லவருன்னு ஒரு கையெழுத்து, நாசமாப் போவட்டும்னு ஒரு கையெழுத்தாண்ணே? பேனா கெடச்சா போட்டுக்கிட்டே இருப்பீங்களா?"

உள்ளே என் பெண்டாட்டி ஆண்டாயி பாத்திரத்தை ணங்கென்று வைத்த சத்தம் கேட்டது. அது எனக்குத்தான்.

சான் மவுங் வீட்டுக்குப் போனேன். ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அந்தப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது அப்படி அடுக்க மாட்டார், வாரிப் போடுவார். இது ஊரை விட்டுக் கிளம்புகிற அடுக்கு. மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று தங்கசாமியிடம் ஓடினேன். முப்பத்தேழு பேரும் ஒரே நாளில் திரும்ப வாங்கினால், பர்மாக்காரன் எல்லாரையும் சரிக்கட்டிவிட்டான் என்று எழுதிவிடுவார்கள், பேசாமல் போங்கள் என்றார் அவர்.

1980 பங்குனியில் அதிகாரி வந்தார். ஒல்லியான மனுஷன், மூக்கின் நுனியில் கண்ணாடி. பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, மனுக் கட்டை அவிழ்த்து, முதல் மனுவை எடுத்தார். என்னுடையது. படித்துவிட்டு நற்சான்றுத் தாளையும் பக்கத்தில் வைத்து இரண்டு கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது செல்லமுத்து. 1966 ஆடியில் இஞ்சினைப் பிரித்தவர் புரட்டாசியில்தான் பூட்டினார், கடலை முழுக்கக் காய்ந்தது என்று எழுதியிருந்தான்.

சான் மவுங் எழுந்தார். "ஆடி இல்லடா, ஆவணி. டீசல் ஊத்துற எடத்துல நீ மண்ணெண்ணெய ஊத்தி ஓட்டுன, பிஸ்டன் கவ்விக்கிச்சு. அதயும் எழுதுனியா பேப்பர்ல?"

"ஆவணின்னு வச்சுக்க. கோழி தாண்டுனதுக்கு எட்டு நாள் கழுவுனியே, அது?"

"கோழியக் கட்டிப் போடுன்னு சொன்னேனா இல்லியா?"

அதிகாரி தாளில் என்னவோ குறித்துக்கொண்டார். முத்தாயி எழுந்து, 1968-இல் இவருடைய வெள்ளாடு தன் மிளகாய் நாற்றை மேய்ந்தது என்றாள். ஆடு தன்னுடையது அல்ல, முத்தாயியின் கொழுந்தனுடையது என்று ஆட்டின் காது மடல் வரைக்கும் வர்ணித்து நிரூபித்தார் சான் மவுங். அரியமுத்து 1974-இல் தன் மேல் ஸ்பானர் வீசியதைச் சொன்னான். வீசியது உண்மை, பட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார் இவர். குழந்தைவேல் வந்து, 76-இல் தேர் இழுக்கும்போது எங்கள் தெருப் பக்கத்து வடத்தைப் பிடிக்காமல் மேலத்தெரு வடத்தைப் பிடித்த துரோகி என்றான். அதற்கு சான் மவுங் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. குழந்தைவேலுவின் மூன்று தலைமுறை அதில் வந்துபோனது. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

தமிழ் தெரியுமா என்று சோதிக்க அதிகாரி ஒரு பாடப்புத்தகம் கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துப் பைக்குள் திரும்ப வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

இருபது மனு தாண்டியபோதுதான் அவர் என்ன குறிக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். படிப்பு குறைவு என்றாலும் எண் தெரியும். 65, 66, 67, 68 என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மனுவின் நம்பரைப் போட்டுக்கொண்டிருந்தார். டீசல் தின்ற முத்திரையை எங்கள் சண்டைகள் ஒவ்வொன்றாக எழுப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. நாம் போட்ட மனு நல்லதுக்குத்தான் என்று மீசையைத் தடவினேன்.

அப்போது முப்பத்தேழாவது வந்தது. ராசாங்கம் போட்டது. 1971 கார்த்திகையில் அவன் இஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு நாற்பது நாளுக்கு மேல் ஆளைக் காணோம், தன் தேசத்துக்குப் போய்வந்ததாகக் கேள்வி என்று இருந்தது.

அதிகாரி பேனா நின்றது. 71 யுத்தம் நடந்த வருஷம். அந்த நேரத்தில் அந்நிய தேசத்து ஆள் நாற்பது நாள் எங்கே போனான் என்பது தேர் வட விவகாரம் அல்ல.

"அந்த நாப்பது நாள் எங்க இருந்தீங்க?"

"வேலைக்குப் போயிருந்தேங்க."

"எங்க?"

அவ்வளவு நேரம் வாய் ஓயாமல் பேசிய மனுஷன் கைலி முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்ல முடியாதுங்க. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இதை நான் இப்படியே எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியுங்க."

வேம்பு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவளுக்கே தெரியாது. லப்பைக்குடிக்காட்டில் வேலை என்றுதான் அவளிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்திருந்தால்கூட நான் ஒருவேளை முறைத்து அடக்கியிருப்பேன். பார்க்கவே இல்லை என்பதுதான் என்னைத் தின்றது.

ஆமாம். அவர் இருந்தது என் முந்திரித் தோப்புக் கொட்டகையில். ஏலத்தில் எடுத்த அந்த இஞ்சினை நானே சரிசெய்வேன் என்று ஊரெல்லாம் சவால் விட்டுவிட்டேன். பிரித்தேன். பிரிப்பது யாருக்கும் வரும். பூட்டத் தெரியவில்லை. மாப்பிள்ளையைக் கொட்டகைக்குள் கூட்டிவந்து, உள்ளங்கையில் அடித்து வாக்கு வாங்கினேன், சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று. நாற்பத்து மூன்று நாள். பொங்கலன்று நான் கைப்பிடியைச் சுற்றினேன், இஞ்சின் ஓடியது, ஊர் எனக்கு மாலை போட்டது. அவர் கூட்டத்தில் நின்று கை தட்டினார்.

அதிகாரி பேனாவை மூடப் போனார். நான் எழுந்தேன்.

"சார், முப்பத்தெட்டாவதா ஒண்ணு குடுக்கணும்."

"உங்களோடதுதான் முதல் மனுவே."

"அது சின்ன விஷயம் சார். இது பெருசு."

வாயால் சொன்னால் செல்லாது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார். தங்கசாமி அங்கேயே தாளை விரித்து உட்கார்ந்தார். ஒரு வாக்கியம் எழுதினால் அதை உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். தொழில் வழக்கம். அவருக்கு ஆட்சேபனை மனுவைத் தவிர வேறு பாணியும் வராது. ஆகவே ஊரே கேட்கும்படி அது இப்படி வந்தது:

"மேற்படி பர்மா நபர் 1971-ஆம் வருடம் கார்த்திகை முதல் தேதி தொடங்கி நாற்பத்து மூன்று நாள் எனது முந்திரித் தோப்புக் கொட்டகையில் தங்கி, என்னால் பூட்ட முடியாத எனது இஞ்சினைப் பூட்டிக் கொடுத்து, அதை எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் மறைத்து, எனக்கு இஞ்சின் உத்திராபதி என்ற பொய்ப் பெயர் வரக் காரணமாக இருந்தார். ஆகவே ஆட்சேபிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டேன்.

முதலில் ராசாங்கம்தான் வாய் திறந்தான். "அப்ப அந்த மாலைய யாருக்குடா போட்டோம்?"

"கழுத்துக்குப் போட்டீங்க" என்றேன்.

பிறகு சிரித்தார்கள் பாருங்கள். அரியமுத்து தரையில் உட்கார்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவில் பொம்பளைகள் பக்கத்திலிருந்து ஆண்டாயி எழுந்தாள்.

"நாப்பத்துமூணு நாளும் சோறாக்கித் தூக்கிட்டுப் போனவ நான் இருக்கேன் சார், என்னையும் எழுதிக்குங்க. கருவாட்ட இடிச்சுப் போடலன்னா அந்த மனுசனுக்குச் சோறு எறங்காது. ஒரல் இன்னும் நாறுது."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார், உரல் உள்பட. பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, எட்டு வருஷம் காப்பாற்றியதை இப்போது ஏன் உடைத்தீர்கள் என்று கேட்டார்.

"என் மூணாம் நம்பர் இஞ்சின் பிரிச்சே கெடக்குது சார். இவரு போயிட்டா யாரு பூட்டுவா?"

அவர் பட்டியலில் 71-க்குப் பக்கத்தில் 38 என்று போட்டு, கட்டைக் கட்டினார். ஜீப்பில் ஏறும்போது குமாஸ்தாவிடம், வெளியாள் மேல் இவ்வளவு வருத்தம் வைத்துக்கொண்டிருக்கிற ஊரை நான் பார்த்ததில்லை, இவர் இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

1981-இல் தாள் வந்தது. திருச்சியில் அவர் உறுதிமொழி எடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள், பர்மாக்காரருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தது உத்திராபதியின் ஒரு கையெழுத்து என்று. நான் மறுப்பதில்லை. அப்படி எழுந்து நின்று தன் மாலையைத் தானே கழற்ற எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? பட்டப்பேரும் போகவில்லை. முன்னால் மரியாதையாகச் சொன்னதை இப்போது பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறார்கள், பேர் அதேதான். மூன்றாம் நம்பர் இஞ்சின் மட்டும் அதற்கப்புறமும் நாலு மாதம் சாக்கில் கிடந்தது. கோழி தாண்டிவிட்டதாம்.

1983-இல் அரவை மில் வைக்க நான் மனுப் போட்டேன். வழக்கம்போல நோட்டீஸ் ஒட்டினார்கள், ஆட்சேபனை உள்ளவர் தெரிவிக்கலாம் என்று. மறுநாள் காலையிலேயே ஒன்று வந்துவிட்டது என்று ஆபீசில் கூப்பிட்டுக் காட்டினார்கள். தங்கசாமி எழுதியது அல்ல, சொந்தக் கையெழுத்து. எழுத்தெல்லாம் பர்மா எழுத்து மாதிரி உருண்டை உருண்டையாக இருந்தது.

"மேற்படி உத்திராபதிக்கு இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை நான் 1971 முதல் நேரில் அறிவேன். மில்லுக்கு என்னை மெக்கானிக்காக வைத்துக்கொள்ளாத வரை அனுமதி வழங்கக் கூடாது. இப்படிக்கு, சான் மவுங், இந்தியக் குடிமகன்."

இதற்கு என்ன பதில் சொல்கிறீர்கள் என்று அந்த ஆபீஸ் அதிகாரி கேட்டார். ஆட்சேபனை நியாயமானது என்று சொல்லி, அதன் கீழேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.